கீழ் முதுகு சி.டி. ஸ்கேன்: சீட்டு வாங்குவதிலிருந்து ரிப்போர்ட் படிப்பது வரை

முதுகுவலிக்காக மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வருபவரின் கையில் பெரும்பாலும் ஒரு சிறு சீட்டு இருக்கும். அதில் நோயாளியின் பெயரும் வயதும், அவற்றுக்குக் கீழே ‘சி.டி. எல்.எஸ். ஸ்பைன்’ (கீழ் முதுகெலும்பின் சி.டி. ஸ்கேன்) என்ற ஒற்றை வரியும் இருக்கும். எந்தக் காலில் வலி, எத்தனை வாரமாக வலி, மருத்துவர் எதைச் சந்தேகிக்கிறார் என்பவற்றுக்கெல்லாம் அந்தச் சீட்டில் இடம் கிடைப்பதில்லை. ஸ்கேன் மையத்தில் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் கதிரியக்க மருத்துவர், நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் அந்த ஒரு வரியையும் சில நூறு படங்களையும் மட்டுமே வைத்துக்கொண்டு எழுத வேண்டியிருக்கிறது. கேள்வி இல்லாத சீட்டுக்கு, வயதான எந்த முதுகுக்கும் பொருந்தக்கூடிய பொதுவான பதில்தான் திரும்பி வரும். ஆகவே சென்னைவாசிகளுக்கான இந்த வழிகாட்டி ஸ்கேன் மேசையில் தொடங்காமல், அந்தச் சீட்டில் தொடங்குகிறது.

படம் இப்போதே தேவையா?

கீழ் முதுகில் வரும் வலியில் பெரும்பகுதி தசை, தசைநார், முதுகின் சிறு மூட்டுகள் ஆகியவற்றிலிருந்து எழுவது. சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும் இயல்புடையது. அதனால்தான், அபாய அறிகுறி எதுவும் இல்லாத புதிய முதுகுவலிக்கு முதல் ஆறு வாரங்களில் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எதுவும் தேவையில்லை என்று பல நாடுகளின் மருத்துவ நெறிமுறைகள் கூறுகின்றன. காசை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் சொல்லப்படும் அறிவுரை இது என்று நினைத்துவிடக் கூடாது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஒரு கட்டுரை, 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும், முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கின் தேய்மானம் படத்தில் தெரிந்ததாகக் கூறியது. டிஸ்க் புடைப்பும் 20 வயதில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் காணப்பட்டது. வலியே இல்லாதவர்களுக்கு இவ்வளவு என்றால், வலியுள்ள ஒருவரின் படத்தில் தெரியும் புடைப்புதான் வலிக்குக் காரணம் என்று படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

மறுபுறம், ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. சிறுநீர் வராமல் அடைபடுதல் அல்லது தெரியாமல் கசிதல், மலத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, பிறப்புறுப்பைச் சுற்றியும் சைக்கிள் இருக்கையில் படும் இடங்களிலும் மரத்துப்போதல், கால்கள் வேகமாக வலுவிழத்தல் ஆகியவற்றில் ஒன்று முதுகுவலியோடு சேர்ந்து வந்தாலும், தண்டுவடத்துக்குக் கீழே குதிரைவால்போல் தொங்கும் நரம்புக் கற்றை நசுங்கிக்கொண்டிருக்கலாம். அப்போது ஸ்கேன் மையத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்காமல், 108-ஐ அழைத்தோ ஆட்டோ பிடித்தோ அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகச் செல்ல வேண்டும். எந்தப் படம் எடுப்பது என்பதை அங்கே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள். பெரும்பாலும் அது எம்.ஆர்.ஐ.யாக இருக்கும்.

இவ்விரண்டுக்கும் நடுவே, ஆறு வாரம் பொறுக்காமல் படம் எடுப்பது நியாயமான நிலைகள் சில இருக்கின்றன. விபத்து அல்லது உயரத்திலிருந்து விழுதல், முன்பு புற்றுநோய் வந்திருத்தல், நீண்ட காலம் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டிருத்தல், மாலை நேரக் காய்ச்சலோடு எடை குறைதல், படுத்தாலும் குறையாமல் இரவில் எழுப்பும் வலி ஆகியவை அவை. முதியவர்களிடத்தில் ‘விழுதல்’ என்ற சொல்லைச் சற்று விரிவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். எலும்பு வலுவிழந்த ஒரு மூதாட்டி குளியலறையில் வழுக்கி உட்கார்ந்தாலே முள்ளெலும்பு நசுங்கக்கூடும். மாநகரப் பேருந்தின் கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும்போது வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டாலும் அதுவே நடக்கக்கூடும். ‘எங்கேயும் விழவில்லை’ என்று அவர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும்.

சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

இந்தக் கேள்விக்கான விடையை நோயாளியும் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில், எது பெரிய ஸ்கேன், எது சின்ன ஸ்கேன் என்று விலையை வைத்து முடிவு செய்யும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

சி.டி. என்பது எக்ஸ்ரேயின் வழித்தோன்றல். எக்ஸ்ரே குழல் உடலைச் சுற்றிச் சுழல, எதிர்ப்புறத்தில் உள்ள உணரிகள் உடலைக் கடந்து வரும் கதிரை அளக்கின்றன. அந்த அளவுகளைக் கொண்டு கணினி உடலின் குறுக்குவெட்டுகளை வரைகிறது. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய இக்கருவியால் 1971-இல் லண்டனில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. 1979-இல் ஆலன் கார்மக்குடன் சேர்ந்து அவர் நோபல் பரிசு பெற்றார். படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் இன்று அவர் பெயரால் ஓர் எண் உண்டு: நீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1,000, கொழுப்பு நீருக்குக் கீழே, கெட்டியான எலும்பு பல நூறுக்கு மேலே. இந்த ஏணியில் எலும்பு மற்ற எல்லாவற்றிலிருந்தும் வெகுதூரம் விலகி நிற்பதால்தான், மயிரிழை அளவு எலும்பு முறிவையும் சி.டி. காட்டிக்கொடுக்கிறது. நரம்பு, டிஸ்க், தசை மூன்றும் ஒன்றுக்கொன்று நெருங்கிய எண்களில் இருப்பதால், அவற்றைப் பிரித்துக் காட்டுவதில் எக்ஸ்ரே இல்லாமல் காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. முந்திவிடுகிறது.

ஆகவே கேள்வி எலும்பைப் பற்றியதாக இருந்தால் சி.டி., நரம்பையும் மென்திசுவையும் பற்றியதாக இருந்தால் எம்.ஆர்.ஐ. என்பது அடிப்படை விதி. காலில் இறங்கும் வலிக்கு, அதாவது சயாட்டிகாவுக்கு, எம்.ஆர்.ஐ.தான் முதல் தேர்வு. தொற்று தொடக்க நிலையில் இருக்கிறதா, எலும்பு மஜ்ஜைக்குள் புற்று பரவியிருக்கிறதா, நசுங்கிய முள்ளெலும்பு நேற்று நசுங்கியதா பத்து ஆண்டுக்கு முன் நசுங்கியதா என்பவற்றையும் எம்.ஆர்.ஐ.யே நன்றாகச் சொல்லும். அதற்காக சி.டி.யில் டிஸ்க்கே தெரியாது என்று சிலர் சொல்வது சரியன்று. டிஸ்க்கின் எண், நரம்புகளைப் பொதிந்துவைத்திருக்கும் உறையான நரம்புப் பையின் எண்ணைவிடச் சற்று அதிகம். இரண்டையும் சுற்றியுள்ள கொழுப்பு கறுப்பாகத் தெரியும். பிதுங்கிய டிஸ்க் அந்தக் கறுப்பை அழித்துக்கொண்டு நரம்பின் பக்கம் வருவது நல்ல சி.டி. படத்தில் கண்ணுக்குப் புலப்படும். பழைய மாடல் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர், குழாய்க்குள் படுக்கவே முடியாத அளவுக்கு அச்சம் உள்ளவர், அரை மணி நேரம் அசையாமல் மல்லாந்து படுக்க வலி இடம் தராதவர் ஆகியோருக்கு சி.டி. கைகொடுக்கிறது. தேவைப்பட்டால், முதுகில் ஊசி போட்டு நரம்புப் பைக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. மைலோகிராம் என்ற முறையும் உண்டு.

சி.டி. தனியாக ஆட்சி செய்யும் இடங்கள் மூன்று. விபத்தில் அடிபட்ட முதுகு முதலாவது. அறுவை சிகிச்சையில் பொருத்திய திருகு சரியான இடத்தில் நிற்கிறதா, இரு எலும்புகளும் ஒட்டிக்கொண்டனவா என்று பார்ப்பது இரண்டாவது. உலோகத்தைச் சுற்றிப் படம் சற்றுக் கலங்கினாலும், அதைக் குறைக்கும் மென்பொருள்கள் புதிய கருவிகளில் இருக்கின்றன. மூன்றாவதைச் சென்னைக்காரர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். 1987 முதல் எம்.ஆர்.எஃப். பேஸ் அறக்கட்டளை வேகப்பந்து வீச்சாளர்களைப் பயிற்றுவித்துவரும் ஊர் இது. தெருவுக்குத் தெரு பதின்வயதுப் பையன்கள் பந்துவீசிக்கொண்டிருக்கும் ஊரும்கூட. முதுகைப் பின்னுக்கு வளைத்து முறுக்கும் அந்த வீச்சில், முள்ளெலும்பின் பின்புற வளையத்தில் உள்ள மெல்லிய பாலம் மீண்டும் மீண்டும் அழுத்தம் தாங்கி விரிசல் விடுவதுண்டு. பெரும்பாலும் பந்துவீசும் கைக்கு எதிர்ப்புறத்தில் அது வரும். எலும்பு வீங்கியிருக்கும் தொடக்க நிலையை எம்.ஆர்.ஐ. காட்டும் என்றாலும், விரிசல் எவ்வளவு ஓடியிருக்கிறது, கூடிவருகிறதா என்பதை சி.டி.தான் கறாராகச் சொல்லும். இளம் வயதுக்குக் கதிர்வீச்சு கூடாது என்பதால், இங்கே எம்.ஆர்.ஐ.யில் தொடங்கி, அவசியம் ஏற்பட்டால் மட்டும், அந்த ஓரிரு முள்ளெலும்புகளுக்கு மட்டும் சி.டி. எடுப்பதே முறை.

சீட்டில் ஒரு கேள்வி

மருத்துவரிடம் பணிவாகக் கேட்டால் கூடுதலாக இரண்டு வரி எழுதித் தருவார்; நெரிசலான புறநோயாளிப் பிரிவில்கூட இதற்கு அரை நிமிடம்தான் ஆகும். ‘இடது காலில் கட்டைவிரல் வரை மூன்று மாத வலி, எல்-5 நரம்பு அழுத்தம் உள்ளதா’ என்றோ, ‘எழுபது வயது, குளியலறையில் விழுந்தார், முறிவு உள்ளதா’ என்றோ இருந்தால் போதும். (கீழ் முதுகின் முள்ளெலும்புகளையும் அங்கிருந்து கிளம்பும் நரம்புகளையும் மேலிருந்து கீழாக எல்-1 முதல் எல்-5 வரை எண்ணிச் சொல்வார்கள்.) அதை எழுதி வாங்க முடியாமல் போனால், வலி தொடங்கிய நாள், வலி பரவும் பாதை, முன்பு நடந்த அறுவை சிகிச்சை, காசநோய் அல்லது புற்றுநோய் வரலாறு ஆகியவற்றை நீங்களே ஒரு தாளில் எழுதி ஸ்கேன் மையத்தின் வரவேற்பில் கொடுங்கள். பழைய படங்கள் இருந்தால் அவற்றையும் கொண்டுபோங்கள். புதிய அறிக்கையின் மதிப்பை இரட்டிப்பாக்குவது பழைய படம்தான். இதை வீட்டில் மறந்துவிட்டுச் செல்பவர்களே அதிகம்.

மற்றொன்றையும் அப்போதே கேட்டுவிடலாம்: ‘இந்தப் படத்தின் முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமா, டாக்டர்?’ மாறாது என்றால் படத்தைத் தள்ளிவைப்பதில் இழப்பில்லை.

சென்னையில் எங்கே எடுப்பது

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வடசென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், இராயப்பேட்டை, ஓமந்தூரார் வளாகத்தில் உள்ள பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனை, 2023-இல் கிண்டியில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை என்று அரசுத் தரப்பிலேயே பல வாய்ப்புகள் உள்ளன. அரசு மருத்துவமனைகளில் உள்ள ஸ்கேன் மையங்களைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் குறைந்த கட்டணத்தில் நடத்துகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை பெறலாம். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், சென்னையைப் பொறுத்தவரை ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில், விண்ணப்பிக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் தொழிலாளர்கள் தங்கள் மருந்தகத்தின் மூலம் கே.கே. நகர் அல்லது அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குச் செல்லலாம்.

தனியார் மையத்துக்குச் செல்பவர்கள் தொலைபேசியிலேயே மூன்று செய்திகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: கட்டணத்தில் ஃபிலிமும் படங்கள் பதிந்த குறுந்தகடும் அடங்குமா, அறிக்கை எப்போது கிடைக்கும், கதிர்வீச்சுக் கருவிகளுக்கு அனுமதி தரும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா. மூன்றாவது கேள்வியைக் கேட்கச் சிலர் தயங்குவார்கள்; கேட்பதில் தவறே இல்லை. அதே ஸ்கேனுக்கு அடுத்தடுத்த தெருக்களில் வெவ்வேறு விலை சொல்லப்படுவது இந்நகரத்தில் வழக்கம்தான் என்பதால், இரண்டு மூன்று இடங்களில் விசாரித்துவிட்டுச் செல்வது நல்லது.

முந்தைய நாளும் அன்றைய காலையும்

படத்தைத் தெளிவாக்கும் மருந்து எதுவும் செலுத்தாத சாதாரண சி.டி.க்குப் பட்டினி தேவையில்லை; காலை இட்லியைச் சாப்பிட்டுவிட்டே செல்லலாம். முதுகு, டிஸ்க், எலும்பு முறிவு ஆகியவற்றுக்கான படங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். தொற்று, கட்டி போன்ற சந்தேகம் இருந்து அயோடின் கலந்த மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றுவதாக இருந்தால் மட்டும் சில மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். சிறுநீரகத்தின் நிலையை அறியக் கிரியாட்டினின் பரிசோதனையும் கேட்பார்கள். மெட்ஃபார்மின் உட்கொள்ளும் சர்க்கரை நோயாளிகள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர் அதை நிறுத்த வேண்டியிராது. சிறுநீரகம் மிகவும் பலவீனமானவர்களுக்கு 48 மணி நேரம் நிறுத்திவைப்பார்கள். முன்பு இத்தகைய மருந்தால் ஒவ்வாமை வந்ததா, ஆஸ்துமா உண்டா, தைராய்டு சிக்கல் உண்டா என்பவையும் முக்கியம். ‘இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவருக்கு அயோடின் மருந்தும் ஆகாது’ என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அந்த ஒவ்வாமைக்குக் காரணம் இறாலின் புரதம்; அதற்கும் அயோடினுக்கும் தொடர்பில்லை.

வயிற்றுக்காக பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுப்பதாகவும் இருந்தால், முதலில் முதுகு சி.டி.யை முடித்துக்கொள்ளுங்கள். குடலில் தங்கிய பேரியம் படம் முழுவதும் வெள்ளைக் கீற்றுகளை இழுத்துவிடும்.

உடை விஷயத்தில் நம் ஊருக்கென்றே சில குறிப்புகள் உண்டு. கீழ் முதுகுப் படத்துக்கு மிகப் பெரிய இடையூறு அரைஞாண் கயிறு. துல்லியமாக எல்-4, எல்-5 இருக்கும் உயரத்தில் அது கட்டப்பட்டிருக்கிறது. அதில் வெள்ளிக் கம்பியோ தாயத்தோ இருந்தால் கழற்றத்தான் வேண்டும். வெறும் நூல் கயிறு என்றால் கேட்டுவிட்டு விடலாம். புடவைக் கொசுவத்தில் குத்திய ஊக்கு, பாவாடை நாடாவில் முடிந்து வைத்த சாவி, பெல்ட், இடுப்புப் பையில் உள்ள சில்லறை, உலோகப் பட்டை வைத்த முதுகு பெல்ட் ஆகியவையும் வெளியே வர வேண்டும். தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று கலங்கும் பெண்களை ஸ்கேன் மையங்களில் அடிக்கடி பார்க்க முடியும். கீழ் முதுகு சி.டி.யில் படம் மார்புக்குக் கீழேதான் தொடங்குகிறது என்பதால், சரடைக் கழுத்துப் பக்கம் மேலே தள்ளிவைத்தால் போதும். இதைத் தொழில்நுட்பரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். எம்.ஆர்.ஐ. அறைக்கு விதிகள் வேறு.

கருவுற்றிருக்கும் வாய்ப்பு இருந்தாலோ, மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தாலோ, ஆடை மாற்றும் அறைக்குச் செல்லும் முன்பே சொல்லிவிட வேண்டும். தெரியாமல் எடுத்துவிட்டு மறுவாரம் கரு உறுதியானால் பதறிப்போய் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஒரு முறை எடுக்கும் கீழ் முதுகு சி.டி.யில் கருவைச் சேரும் கதிர், ஊனத்தை உண்டாக்கும் என்று கருதப்படும் அளவுக்குக் கீழேயே பொதுவாக இருக்கும். மகப்பேறு மருத்துவரிடம் படத்தின் கதிரளவுக் குறிப்பைக் காட்டிப் பேசுவதுதான் வழி.

மேசை மேலே

இந்தக் கட்டம்தான் எல்லாவற்றிலும் எளிது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து மேசையில் மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். முழங்காலுக்கு அடியில் ஒரு திண்டு வைப்பார்கள். அது முதுகின் வளைவைத் தட்டையாக்கி வலியையும் குறைக்கும், வைக்க மறந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கைகள் தலைக்கு மேலே போக வேண்டும். சி.டி. கருவி எம்.ஆர்.ஐ. போல நீண்ட குழாயாக இல்லாமல், பெரிய வளையம்போல இருக்கும். முகம் பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். முதலில் பாதையைக் குறிக்க ஒரு நீளப் படம் எடுக்கப்படும். பிறகு மேசை நகர நகர, மார்பின் கடைசி முள்ளெலும்பிலிருந்து, முதுகெலும்பின் அடியில் இடுப்போடு சேரும் திருவெலும்பு வரை சுருள்வட்டமாகக் கதிர் பாயும். உண்மையான படப்பிடிப்பு சில நொடிகள்தான். அறைக்குள் போய் வெளியே வர மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். ‘அசையாதீங்கம்மா, மூச்சைப் பிடிங்க’ என்று ஒலிபெருக்கியில் குரல் வரும்போது மட்டும் அசையாமல் இருந்தால் போதும்.

மருந்து ஏற்றும்போது உடல் முழுவதும் சூடு பரவுவதும், நாக்கில் உலோகச் சுவை தெரிவதும், சிறுநீர் போய்விட்டதுபோல் தோன்றுவதும் இயல்பு. அரிப்பு, தொண்டை இறுக்கம், ஊசி போட்ட இடத்தில் வீக்கம் ஆகியவற்றை உடனே கத்திச் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்தப் படம் படுத்த நிலையில் எடுக்கப்படுகிறது. நின்றால், குனிந்தால் மட்டும் ஓர் எலும்பு இன்னோர் எலும்பின் மேல் சறுக்குகிறவர்களுக்குப் படுத்த நிலையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியலாம். நின்று, குனிந்து, நிமிர்ந்து எடுக்கும் சாதாரண எக்ஸ்ரே அப்போது விலையுயர்ந்த ஸ்கேனைவிட அதிகம் சொல்லும்.

கதிர்வீச்சு எவ்வளவு?

கீழ் முதுகு சி.டி. ஒன்றில் உடல் பெறும் கதிரளவு ஏறத்தாழ 5 முதல் 10 மில்லிசீவெர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக ஒருவர் ஓராண்டில் பெறுவது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவெர்ட், அந்தக் கணக்கில் ஒரு சி.டி. இரண்டு முதல் நான்கு ஆண்டுகளின் இயற்கைக் கதிருக்குச் சமம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 10 மில்லிசீவெர்ட்டுக்கு, உயிரைப் பறிக்கும் புற்றுநோயின் வாய்ப்பு 2,000-இல் ஒன்று கூடலாம் என்று மதிப்பிடுகிறது. விழுந்து முதுகு முறிந்திருக்கலாம் என்ற நிலையில் உள்ள 70 வயதுக்காரர் இதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. வலி குறையவில்லை என்பதற்காக ஆறு மாதத்துக்கொரு முறை வேறு வேறு மருத்துவரிடம் சென்று புதிய சி.டி. எடுத்துக்கொள்ளும் 30 வயதுக்காரர் கவலைப்பட வேண்டும்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

குறுக்குவெட்டுப் படங்கள் காலடியிலிருந்து மேலே பார்ப்பதுபோல வரையப்பட்டவை. ஆகையால் ஃபிலிமின் இடப்பக்கம் நோயாளியின் வலப்பக்கம். முதலில் பெயர், வயது, தேதி, பக்கம் ஆகியவை சரியா என்று பாருங்கள். வலி இடது காலில் இருக்க அறிக்கை வலது நரம்பைப் பற்றிப் பேசினால், அன்றே திரும்பிப் போய்க் கேட்க வேண்டும். அடுத்து, எத்தனை முள்ளெலும்பு எண்ணப்பட்டது என்பதைக் கவனியுங்கள். கீழ் முதுகில் வழக்கமாக ஐந்து. சிலருக்கு நான்கும் சிலருக்கு ஆறும் இருப்பதுண்டு. இது நோயன்று. ஆனால் அறுவை சிகிச்சைக்குப் போகும்போது எல்-4 எது, எல்-5 எது என்ற குழப்பம் தவறான இடத்தில் கத்தி வைப்பதில் முடியக்கூடும் என்பதால், அறிக்கையில் அது தெளிவாக இருப்பது அவசியம்.

‘தேய்மானம்’ என்ற சொல் நம்மூரில் இரண்டு வேறு நோய்களுக்கு ஒரே பெயராகிவிட்டது. அறிக்கையில் ‘ஸ்பாண்டிலோசிஸ்’, ‘ஆஸ்டியோஃபைட்’, ‘ஃபேசட் ஆர்த்ரோபதி’ என்றிருந்தால் மூட்டும் டிஸ்க்கும் தேய்ந்து, விளிம்பில் எலும்பு கூடுதலாக வளர்ந்திருக்கிறது என்று பொருள்; இதற்குக் கால்சியம் மாத்திரை தீர்வாகாது. ‘ஆஸ்டியோபோரோசிஸ்’ என்பது எலும்பின் அடர்த்தியே குறைவது. அதற்கு டெக்ஸா என்ற தனிப் பரிசோதனையும் தனிச் சிகிச்சையும் உண்டு. முன்னதைக் கேட்டுவிட்டுப் பின்னதற்கான மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்கள் குறைவில்லை.

‘பல்ஜ்’ என்றால் டிஸ்க்கின் விளிம்பு சுற்றிலும் சற்றுத் தளர்ந்து புடைத்திருக்கிறது. ‘புரோட்ரூஷன்’ என்றால் ஓரிடத்தில் மட்டும் பிதுங்கியிருக்கிறது. ‘எக்ஸ்ட்ரூஷன்’ என்றால் உள்ளே இருந்த சதைப்பற்று உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. ‘சீக்வெஸ்ட்ரேஷன்’ என்றால் அந்தத் துண்டு தனியாகவே பிரிந்துவிட்டது. மக்கள் பேச்சில் இவை நான்கும் ‘ஜவ்வு விலகிடுச்சு’தான். கடைசி இரண்டும் கேட்க அச்சமூட்டினாலும், வெளியே வந்த துண்டை உடலே மெல்லக் கரைத்துவிடுவது அவற்றில்தான் அதிகம் நிகழ்கிறது. டிஸ்க் பிதுக்கத்தால் வந்த கால்வலி பலருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில மாதங்களில் குறைகிறது.

‘வேக்யூம் ஃபினாமினன்’ என்ற சொல்லும் அடிக்கடி வரும். டிஸ்க்குக்குள் வாயு இருக்கிறது என்பது அதன் பொருள். வாய்வுப் பிடிப்பு என்று பாட்டி சொன்னது மெய்தானோ என்று தோன்றும். தேய்ந்த டிஸ்க்கின் வெடிப்புகளில் தேங்கிய நைட்ரஜன்தான் அது. உருளைக்கிழங்கு சாப்பிட்டதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பூண்டுப் பாலால் வெளியேறவும் செய்யாது.

குழாய்ச் சுருக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது எண்கள் வரும். நரம்புகள் இறங்கும் குழாயின் முன்பின் அகலம் 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கணிசமான சுருக்கம் என்பார்கள். கொஞ்ச தூரம் நடந்ததும் கால்கள் கனத்து, உட்கார்ந்தாலோ முன்னே குனிந்தாலோ உடனே நிம்மதி கிடைக்கும் முதியவருக்கு இந்த எண் பொருளுடையது. மெரினாவில் ஒரு மணி நேரம் சிரமமின்றி நடப்பவருக்கு அதே எண் வெறும் எண். எலும்புச் சறுக்கலைத் தரம் பிரித்துச் சொல்வார்கள்: கீழ் எலும்பின் அகலத்தில் கால் பங்கு வரை முன்னே நகர்ந்திருந்தால் முதல் தரம், பாதி வரை என்றால் இரண்டாம் தரம் என்று அது மேலே போகும்.

இனி, அறிக்கையை உடலோடு பொருத்திப் பார்க்க வேண்டும். எல்-4, எல்-5 எலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் நசுங்குவது எல்-5 நரம்பு. வலியும் மரப்பும் வெளிக்காலின் வழியே புறங்காலுக்கும் கட்டைவிரலுக்கும் போகும், கட்டைவிரலை மேலே தூக்கும் வலு குறையும். எல்-5-க்கும் திருவெலும்புக்கும் இடையே பிதுங்கினால் நசுங்குவது திருவெலும்பின் முதல் நரம்பான எஸ்-1. பின்தொடை, கெண்டைக்கால், பாதத்தின் வெளிவிளிம்பு, சுண்டுவிரல் என்று வலி இறங்கும், நுனிக்காலில் எக்கி நிற்பது கடினமாகும். எல்-4 நரம்பின் பாதை முழங்காலின் முன்புறமும் கெண்டைக்காலின் உட்புறமும். படம் காட்டும் நரம்பும் கால் காட்டும் பாதையும் ஒன்றாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம். அறிக்கையில் மூன்று இடங்களில் பிதுக்கம் இருந்து அவற்றில் எதுவும் உங்கள் கால்வலியோடு பொருந்தவில்லை என்றால், அந்தப் பிதுக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்யலாம் என்ற பேச்சு வரும்போது இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள்.

அறிக்கையின் கடைசிப் பத்தியைப் பலர் படிப்பதில்லை. முதுகோடு சேர்ந்து சிறுநீரகமும், வயிற்றின் வழியே இறங்கும் பெரிய இரத்தக் குழாயான பெருந்தமனியும் படத்தில் விழுவதால், தேடாத ஒன்று அங்கே எழுதப்பட்டிருக்கலாம். கோடையில் வியர்வையாய்க் கொட்டும் இந்த ஊரில், இத்தனை நாள் இடுப்புப் பிடிப்பு என்று தைலம் தேய்த்த வலி சிறுநீரகக் கல்லின் வலியாக இருந்ததும் உண்டு. பெருந்தமனி மூன்று சென்டிமீட்டருக்கு மேல் விரிந்திருப்பதாக எழுதியிருந்தால், முதுகைவிட அதற்கே முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காசநோய் என்ற சந்தேகம் எழுந்தால்

முள்ளெலும்பின் உடல் அரித்துப்போய், இடையிலுள்ள டிஸ்க் சுருங்கி, பக்கத்துத் தசையில் சீழ் தேங்கியிருப்பதாக அறிக்கை சொன்னால், நம் நாட்டில் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது முதுகெலும்புக் காசநோய். ஊகத்தின் பேரில் மருந்தைத் தொடங்காமல், சி.டி. படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியைச் சரியான இடத்துக்கு நுழைத்துச் சிறு துணுக்கு எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனைக்கு அனுப்புவது இப்போதைய முறை. மருந்துக்குக் கட்டுப்படாத வகையா என்பதும் அதில் தெரிந்துவிடும். இந்த நோயின் பெயரைக் கேட்டதும் பெரிய அறுவை சிகிச்சைதான் என்று அஞ்ச வேண்டியதில்லை. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கப்பட்டு இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக உள்ள மையம், நடமாடிக்கொண்டே மாத்திரை உட்கொண்டவர்களையும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களையும் ஒப்பிட்டுப் பத்தாண்டு தொடர்ந்து கண்காணித்து 1999-இல் முடிவை வெளியிட்டது. நரம்பு பாதிக்கப்படாத பெரும்பாலோருக்கு மாத்திரையே போதும் என்பதை உலகுக்குக் காட்டியதில் அந்த ஆய்வுக்குப் பெரும்பங்கு உண்டு.

படத்தை எடுத்த பிறகு

மருந்து ஏற்றியிருந்தால் அன்று முழுவதும் நிறையத் தண்ணீர் குடிக்கவும். இல்லையென்றால் எந்த ஓய்வும் தேவையில்லை. அறிக்கைத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல் குறுந்தகட்டையோ, படங்களைத் திறக்கும் இணைய இணைப்பையோ கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் அச்சாகியிருப்பது தேர்ந்தெடுத்த சில படங்கள் மட்டுமே. அறுவை சிகிச்சை நிபுணர் முழுத் தொகுப்பையும் எலும்புக்கு ஒரு முறை, மென்திசுவுக்கு ஒரு முறை என்று வெவ்வேறு வெளிச்சத்தில் தாமே நகர்த்திப் பார்க்க வேண்டும். குறுந்தகட்டை வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் பெட்டியில் விட்டுவிடாமல், வீட்டுக்கு வந்ததும் கணினியிலோ பென்டிரைவிலோ ஒரு நகல் எடுத்து, உறையின் மேல் தேதியையும் எதற்காக எடுத்தது என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை யாராவது ‘புதுசா ஒரு சி.டி. எடுத்துட்டு வாங்க’ என்றால், முதலில் அந்த உறையை நீட்டுங்கள்.